இரண்டு கட்டை கீழே

டாக்டர் குர்ஷித் பேகம் நெற்றியில் மாட்டியிருந்த வட்டக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "ஏம்மா, நீ என்ன ஏலக்கடையில நின்னு கூவுறியா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். டீச்சர். மூணாங்கிளாஸ்."

"டீச்சர் தொண்டை எனக்குத் தெரியும். தெனமும் பாக்குறேன். இது வெறும் டீச்சர் தொண்டை இல்ல. வேற என்ன பண்ற?"

சகாயசெல்வி சேலைத் தலைப்பை விரலில் சுருட்டிக்கொண்டே, "பாடுவேன்" என்றாள்.

"கோயில்லயா?"

"கோயில்லயும் பாடுவேன். எங்க வீட்டுக்காரர் ஒரு பேண்டு வச்சிருக்கார். அதுலயும் பாடுவேன். ராக் மாதிரி. வேகமா இருக்கும். கொஞ்சம் சத்தமாவும் இருக்கும்."

"கொஞ்சமா?" டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "புதுச் செருப்பு கடிச்சா கால்ல காய் காய்க்கும்ல? அந்த மாதிரி குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிருக்கு. மேல போய் கத்துறத நிறுத்து. கீழ பாடு, மெதுவாப் பாடு. இப்படியே விட்டா ஒரு நாள் வாயத் திறப்ப, காத்து மட்டும்தான் வரும். அப்பறம் ஆபரேசன் பண்ணலாம். பண்ணுனா இதே குரல் திரும்பி வருமான்னு கேட்டா, சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது சகாயசெல்விக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. காலையில் எழுந்து மாமியாருக்கும் மகளுக்கும் கணவனுக்கும் தனக்குமாகச் சமைத்து, பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கி, வீட்டுக்கு வந்து மறுபடியும் சமைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூசையில் பாடி, அதற்குப் பிறகு பேண்டில் அலறி… இத்தனைக்கும் ஒரே தொண்டை. அது களைத்துப் போனதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

வீட்டுக்குப் போனதும் கணவன் ஆல்வினிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் படியேறும்போதே உள்ளே அவன் போனில் சத்தம் போடுவது கேட்டது.

"சார், நாங்க பாடுறதே இப்படித்தான் சார். எறக்கச் சொன்னா எப்படி சார்?"

அதே வாரத்தில்தான் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர் கூப்பிட்டிருந்தார். புதிய பேண்டுகளின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு ஆல்பம் போடுகிறார்களாம். திருச்சிக் கல்லூரி விழாவில் இவர்கள் பாடியதை யாரோ பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் இனிமையாக்க வேண்டும், கீபோர்டு சேர்க்க வேண்டும், கேட்டவர்கள் வீட்டுக்குப் போயும் முணுமுணுக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

டாக்டர் சொன்னதும் கம்பெனிக்காரர் சொன்னதும் ஒன்றாகவே இருந்ததுதான் வினை. இப்போது போய், எனக்கு இறக்கிப் பாடினால்தான் முடியும் என்று சொன்னால் ஆல்வின் என்ன நினைப்பான்? அவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றுதானே? சகாயசெல்வி மருந்துச் சீட்டைக் கைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய் உலை வைத்தாள்.

திண்டுக்கல்லில் பங்க் ராக் என்று சொன்னால், "பங்க்கா? எந்த ரோட்டுல?" என்று வண்டிக்குப் பெட்ரோல் போடப் போகிறவர்கள் போலத்தான் கேட்பார்கள். ஆனால் ஆல்வின் அதை எட்டு ஒன்பது வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கப்பலில் வேலை பார்த்த அவன் சித்தப்பா லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த இரண்டு கேசெட்டுகளில் தொடங்கியது அந்தப் பைத்தியம். சித்தப்பா திரும்பிப் போவதற்குள் ரெக்கார்டிங் சென்டர் கிறிஸ்துராஜிடம் கொடுத்து, இரண்டையும் ஒரே கேசெட்டில் பதிந்து வாங்கிக்கொண்டான். அட்டை கிடையாது, பாடியவர்கள் பெயர் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். காலில் தீப்பிடித்தவன் ஓடுவது போன்ற வேகம், அந்த வேகத்துக்குள்ளேயே கேட்டால் மறக்க முடியாத ஒரு மெட்டு.

அந்தக் கேசெட்டைக் கேட்டுக் கேட்டு அவன் கிடார் கற்றான். முத்துக்கிருஷ்ணன் அதைக் கேட்டு டிரம்ஸ் கற்றான். பேஸ் கிடாருக்குக் கண்ணுசாமி வந்தான். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் பேண்டுக்குக் 'கள்ளச்சாவி' என்று பெயர் வைத்தார்கள். கோயில் கொயரிலிருந்து சகாயசெல்வியைக் கூப்பிட்டு வந்தவன் ஆல்வின்தான்.

முதல் நாளே அவளைச் சிரிக்க வைத்தது ஒரு சின்னக் கூவல். கேசெட்டில் மூன்றாவது பாட்டுக்கு முன்னால், இசை தொடங்குவதற்குச் சற்று முன், பாடுகிறவன் 'குவிக்' என்று கோழிக்குஞ்சு போல ஒரு சத்தம் கொடுப்பான். எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஆல்வின் அதை அப்படியே செய்து காட்டினான். கட்டுமஸ்தான ஒரு ஆண்பிள்ளை கழுத்தை நீட்டிக் குஞ்சு போலக் கத்தியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது. பிறகு தங்கள் சொந்தப் பாட்டுகளிலும் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் நால்வரும் சேர்ந்து 'குவிக்' என்பார்கள். மதுரையில், திருச்சியில், கல்லூரிப் பிள்ளைகள் அதைக் காத்திருந்து திருப்பிக் கத்துவார்கள். மகள் ஜீவிதாவுக்கு 'அம்மா' வருவதற்கு முன் 'குவிக்' வந்தது. மாமியார் ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பிராக்டிஸ் தொடங்குமுன் ஆல்வின் அந்தக் கேசெட்டைப் போடுவான். முதல் பாட்டின் முதல் சுரத்துக்குத் தன் கிடார்க் கம்பியைக் கூட்டுவான். கண்ணுசாமி அவனைப் பார்த்துக் கூட்டுவான். கோயில் கீபோர்டோடு ஒத்துப்போகாதே என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, "நம்ம சுருதி இதுதான்" என்றான். அது எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவு உயரத்துக்கு அவள் ஏற வேண்டியிருந்தது. "போதுமா செல்வி?" என்று கேட்பான். "போதும்" என்பாள். பத்தொன்பது வயதில் அது பெருமையாக இருந்தது. முப்பதை நெருங்கும்போது, மாடிப்படி ஏறுவது போல மூச்சு வாங்கியது.

அந்த ஞாயிறு பிராக்டிஸில் சண்டை வந்தது. முத்துக்கிருஷ்ணனின் அண்ணனுக்குப் பூக்கமிஷன் கடை. கடைக்குப் பின்னால், ஈரச் சாக்குகள் அடுக்கிய கொட்டகையில்தான் அவர்கள் வாசிப்பது வழக்கம். சாக்குகள் சத்தத்தை வெளியே விடாது. உள்ளே வாடிய சம்பங்கி வாசம் தலையைக் கிறக்கும்.

"ஏலே, ஒரே ஒரு பாட்டுதானே? கொஞ்சம் மெதுவா வாசிச்சுக் குடுத்துட்டு வருவோம்" என்றான் கண்ணுசாமி. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் வந்தால் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும்.

"மெதுவா வாசிக்கணும்னா நான் எதுக்கு மாப்ள?" என்றான் முத்துக்கிருஷ்ணன். "சுண்டல் டப்பாவும் ரெண்டு குச்சியும் போதும். உங்க கம்பெனிக்காரரே வந்து தட்டிக்கிருவாரு."

ஆல்வின் கிடாரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எம்புட்டு நாளா வாசிக்கிறோம்? ஒரு நாளாச்சும் அந்தக் கேசெட்டை விட்டு ஒரு நூல் எறங்கியிருக்கோமா? அவங்க அந்த வேகத்துல பாடுனாங்க, நாமளும் பாடுறோம். முடியாதவந்தான் எறக்குவான்."

யாரும் அவளைக் கேட்கவில்லை. பாடுகிறவள் அவள்தான் என்பது அந்தக் கொட்டகையில் யாருக்கும் நினைவில்லை போலிருந்தது. சகாயசெல்வி பாட்டிலில் கொண்டுவந்திருந்த வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

"நீ என்ன செல்வி சொல்ற?" என்று கடைசியில் ஆல்வின் கேட்டான்.

"வாசிங்க" என்றாள். அன்றைக்குப் பாடி முடித்தபோது உமிழ்நீர் விழுங்கவே வலித்தது.

நடுவாரத்தில் கம்பெனிக்காரரிடமிருந்து கூரியரில் ஒரு சிடி வந்தது. மேலே எழுத்து எதுவுமில்லாத வெறும் பிரதி. போனில் அவர் சொல்லியிருந்தார்: "உங்க பாட்டைக் கேட்டா எனக்கு ஒரு பழைய ஆல்பம் ஞாபகம் வருது. நீங்க அதைவிட ரொம்ப அவசரப்படுறீங்க, அவ்வளவுதான். கேட்டுப் பாருங்க." ஆல்வின் உறையைக்கூடப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வீசிவிட்டு ஷோரூமுக்கு வேலைக்குப் போய்விட்டான். மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. மாமியார் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் சகாயசெல்வி அதை எடுத்துப் போட்டாள்.

முதல் பாட்டிலேயே கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. சிடி பழுது என்றுதான் நினைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். அதே பாட்டுதான். அவர்களுடைய கேசெட்டின் முதல் பாட்டு. ஆனால் ஓடவில்லை, நடந்தது. ஒரு சாதாரண ஆண்குரல், அவசரமில்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகிறவன் தனக்குத்தானே பாடுவது போலப் பாடியது. கூடவே பாடிப் பார்த்தாள். தொண்டை எங்கேயும் இடறவில்லை. மூன்றாவது பாட்டு வந்தது. 'குவிக்' வர வேண்டிய இடத்தில் அந்த மனிதர் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அவரும் களைத்துப்போயிருந்தார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். கிறிஸ்துராஜின் ரெக்கார்டிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. பழைய வித்தையை எடுத்துச் சொல்லக் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"ரெண்டு கேசெட்டையும் ஒண்ணுக்குள்ள அடக்கணும்னு நின்னுச்சும்மா ஆல்வின் தம்பி. ஒரு பாட்டும் விடக்கூடாதாம். பதியிற டெக்குல மோட்டாருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும். திருப்புளியை விட்டு லேசாத் திருப்புனா டேப்பு மெதுவா ஓடும். நாலஞ்சு பாட்டு கூடுதலாப் பிடிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுத்தேன்."

"மெதுவாப் பதிஞ்சா?"

"நல்ல டெக்குல போடுறப்ப வேகமா வரும். ரெண்டு கட்டை ஏறிரும். சினிமாப் பாட்டுல ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சதில்ல. பொம்பளப் பாட்டுன்னா இன்னும் கொஞ்சம் நைசாத்தான் இருக்கும்." அவர் சிரித்தார். "ஏம்மா, இன்னும் அந்தக் கேசெட்டு ஓடுதா? என் பதிவு அப்படி!"

திரும்பி நடந்து வரும்போது மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு திருப்புளியின் அரைத் திருப்புக்காகத் தன் தொண்டை காய்த்துப் போயிருக்கிறது என்பதை நினைத்தால் கோபம் வந்தது. அந்த அரைத் திருப்பு இல்லாவிட்டால் 'குவிக்' இல்லை, 'குவிக்' இல்லாவிட்டால் அன்றைய சிரிப்பும் இல்லை என்பதை நினைத்தால் அந்தக் கோபமும் நிற்க இடமில்லாமல் போனது. காலைத் தூக்கி வைப்பதே பெரிய வேலையாக இருந்தது.

ஆல்வின் சாப்பிட உட்கார்ந்ததும் சிடியைப் போட்டாள். மாமியார் முன்னறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவிதா அப்பாவின் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எவன் இவன்? நம்ம கேசெட்டுப் பாட்டைப் போய் இம்புட்டு இழுத்துப் பாடுறான்?" என்றான் ஆல்வின். "கம்பெனிக்காரர் அனுப்புனதா? நெனச்சேன். இதத்தான் நம்மளையும் பாடச் சொல்றாரு."

"செத்த நேரம் கேளு." மாமியார் காதில் விழும் இடத்தில் அவனை 'நீங்க' என்பாள். இன்றைக்கு அதற்குத் தெம்பில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. அந்த மனிதர் கனைத்தார். ஜீவிதா உடனே கழுத்தை நீட்டி, "குவிக்!" என்றாள்.

ஆல்வினின் கை தட்டில் நின்றது. மகளைப் பார்த்தான். பிறகு பிளேயரைப் பார்த்தான். எழுந்து போய், எச்சில் கையோடு முழங்கையால் பொத்தானை அழுத்திப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டான். அவள் கிறிஸ்துராஜ் சொன்னதைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். "இருமுறத வச்சு ஏழு காலேஜ்ல கைதட்டு வாங்கியிருக்கோம்!" என்றான். பிறகு சிரிப்பு நின்று முகம் இறுகியது.

"சரி. தப்பாத்தான் கத்துக்கிட்டோம். அதனால என்ன? இவர் பாடுனது இவரோடது. நாம பாடுனது தப்போ ரைட்டோ, அது நம்மளோடது. உலகத்துல வேற எவனுக்கும் இந்தச் சத்தம் கிடையாது செல்வி. இப்ப போயி எறக்குனா, ஏற்கெனவே இருக்குற ஒண்ணத்தான் திரும்பப் பாடுறோம்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. இந்தச் சிடியோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "அது நம்மளோடதாவே இருக்கட்டும். ஆனா வேற யாரையாச்சும் பாடச் சொல்லு. என்னால முடியாது."

"என்ன செல்வி, இதுக்குப் போயி…"

கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. வாயாலேயே சொன்னாள். காய்த்துப் போயிருப்பதை, காற்று மட்டும் வரும் என்பதை, சத்தியம் பண்ணித் தர மாட்டேன் என்று டாக்டர் சொன்னதை. சொல்லச் சொல்லக் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அழுகையால் அல்ல. அப்படித்தான் இருந்தது இப்போதெல்லாம்.

"எப்பப் போன டாக்டர்ட்ட?"

"பத்து நாளாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன நெனச்சிருப்ப? கம்பெனிக்காரர் பேச்சுக்கு டாக்டரச் சாட்சிக்கு இழுத்துட்டு வாரேன்னு நெனச்சிருக்க மாட்ட?"

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான், அவளுடையதையும் சேர்த்து. சமையலறையில் வெகு நேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மாமியார் சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஆல்வினு, யாருக்குடா தொண்டை சரியில்ல?" என்று கேட்டார். மறுநாள் காலை அவள் எழுந்தபோது சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர் பிளாஸ்கில் இருந்தது. ஆல்வின் ஷோரூமுக்குப் போயிருந்தான். அந்த வாரத்தில் மிச்ச நாளெல்லாம் அவன் கிடார் உறையைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், கொயரில் நின்றாள், பாடவில்லை. மதியம் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஏறு" என்றான்.

"நான் எதுக்கு?"

"ஏறு செல்வி."

கொட்டகையில் முத்துக்கிருஷ்ணனும் கண்ணுசாமியும் காத்திருந்தார்கள். ஆல்வின் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முத்துக்கிருஷ்ணன் வழக்கம்போல டேப் ரிக்கார்டருக்கு இடம் ஒதுக்கிவிட்டு, "கேசெட்டு எங்க மாப்ள?" என்றான்.

"கொண்டு வரல."

"அப்ப எதை வச்சுச் சுருதி கூட்டுவ?"

ஆல்வின் அவளைப் பார்த்தான். "உனக்கு எங்க பாட வருதோ, அங்க ஒரு 'ஆ' சொல்லு" என்றான். "நோகாம."

அவளுக்குச் சட்டென்று வரவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. வெந்நீரை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, ஜீவிதாவைத் தூங்க வைக்கும்போது வரும் குரலில் மெதுவாக 'ஆ' என்றாள். அவன் தலையைச் சாய்த்து, திருகைப் பிடித்துக் கம்பியைத் தளர்த்திக்கொண்டே வந்தான். இறுகிக் கிடந்த கம்பி முனகிக்கொண்டு இறங்கியது.

"ஏலே, கம்பி கொடிக்கயிறு மாதிரி ஆயிரும் போலருக்கே. துணி காயப்போடவா?" என்றான் முத்துக்கிருஷ்ணன். யாரும் சிரிக்காததைப் பார்த்து, அவள் முகத்தையும் ஆல்வின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஆல்வின் போனில் சொல்லியிருந்த விஷயத்தைக் கண்ணுசாமி அவன் காதில் சொன்னான். முத்துக்கிருஷ்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். "தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டான்.

"கம்பெனிக்காக எறக்கல" என்றான் ஆல்வின், யாரிடமென்று இல்லாமல். "அதை அவர்ட்டயும் சொல்லிருவேன். எடுத்தா எடுத்துக்கட்டும்."

வாசித்தார்கள். கதவைத் தட்டாதே, நான் வீட்டில் இல்லை என்று தொடங்கும் அவர்களுடைய பழைய பாட்டு. இத்தனை காலமும் அது கோபக்காரன் பாட்டாக இருந்தது. இன்றைக்கு, உண்மையாகவே வீட்டில் இல்லாத ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. இனிமையாகத்தான் இருந்தது. ரேடியோவில் போட்டால் பெண்கள் சமைத்துக்கொண்டே கேட்பார்கள். முத்துக்கிருஷ்ணனின் கைகள் பழைய வேகத்துக்கு ஓடி ஓடி, தாமே இழுத்துப் பிடித்துக்கொண்டன. கல்லூரிப் பிள்ளைகள் இதற்குக் குதிக்க மாட்டார்கள் என்பது நால்வருக்கும் தெரிந்தது. அவளுக்கும் உள்ளே ஏதோ ஒன்று இல்லாமல் போன மாதிரிதான் இருந்தது. ஆனால் வலிக்கவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால், பழக்கதோஷத்தில் முத்துக்கிருஷ்ணன் மட்டும் 'குவிக்' என்றான். தனியாக ஒலித்த அந்தச் சத்தம் சாக்குகளுக்குள் போய் அடங்கியது. அவன் அசடு வழிந்தான். சகாயசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் ஆல்வின் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அவன் மறுபடி திருகில் கை வைத்தான்.

"போதுமா செல்வி?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அவன் இன்னும் கொஞ்சம் இறக்கினான்.